பழைய சிங்கர் 31கே: தார்ப்பாய் தைக்கும்போது தையல் விடுகிறது, டைமிங்கில் கை வைக்கலாமா?

மண்டபம்_வடகரை:
எல்லோருக்கும் வணக்கம். மாமா முப்பது வருடத்துக்கு மேல் படகுப் பாயும் படுதாவும் தைத்த சிங்கர் 31கே மெஷின் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அவருக்குக் கண் முன்போல் இல்லை, அதனால் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏழெட்டு வருடம் ஓலைக் கொட்டகையில் சும்மா கிடந்தது. கால் மிதி ஸ்டாண்டுதான், மோட்டார் கிடையாது.

பிரச்சினை இதுதான். சாதாரணக் காடாத் துணியில் சுமாராகத் தைக்கிறது. தார்ப்பாயை இரண்டாக மடித்து வைத்தால் நாலு தையல் விழுகிறது, இரண்டு விட்டுப்போகிறது. அடியில் நூல் சிக்கலாகக் குவிகிறது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் கனமாக இருக்கிறது, ஒரு இடத்தில் லேசாகப் பிடிக்கவும் செய்கிறது. ஊசியும், அடியில் அதன் நூலைப் பிடிக்கிற ஹூக்கும் சந்திக்கும் டைமிங் போயிருக்கும், ஹூக் ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்பி வை என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஜூன் 14 முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் நாலைந்து பேருக்குப் படுதா தைத்துக் கொடுக்க வேண்டும்.

திருப்புளி_ராம்நாடு:
ஹூக்கைத் தொடாதீர்கள் தம்பி. முதல் வேலை அது இல்லை, கடைசி வேலை.

காடாவில் தைக்கிற மெஷினுக்கு டைமிங் முழுசாகப் போயிருக்க வாய்ப்பு குறைவு. கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, எல்லாமே காசு செலவில்லாதவை. புது ஊசி போட்டீர்களா? எந்த ஊசி, எந்த நம்பர், என்ன நூல்? இதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

சக்கரம் கனமாக இருப்பது எண்ணெய் காய்ந்ததால். என்ன எண்ணெய் விட்டிருந்தார் மாமா?

மண்டபம்_வடகரை:
தேங்காய் எண்ணெய்தான் அண்ணே. கடைசிக் காலத்தில் மெஷின் எண்ணெய் வாங்க ராமநாதபுரம் வரை போக முடியாமல் வீட்டில் இருந்ததையே விட்டிருக்கிறார். உள்ளே எல்லாம் தேன் நிறத்தில் பிசினாக ஒட்டிக் கிடக்கிறது. ஊசி அவர் டப்பாவில் இருந்தது, 18 நம்பர். நூல் நைலான், கடையில் கேட்டபோது தார்ப்பாய் நூல் என்று கொடுத்தார்கள்.

பரமக்குடி_சீட்கவர்:
நேரத்தை வீணாக்காதீர்கள். ஆட்டோ சீட், ஹூட் எல்லாம் தைக்கிற அனுபவத்தில் சொல்கிறேன். தார்ப்பாய்க்கு மேல் பாதமும் சேர்ந்து நடக்கிற வாக்கிங் ஃபுட் மெஷின்தான் சரி. 31கே கோட்டு, பேண்ட் தைக்கிற டெய்லருக்கு வந்த மெஷின். இரும்புக் கடையில் போட்டுவிட்டு புதுசு வாங்குங்கள்.

திருப்புளி_ராம்நாடு:
டெய்லர் மெஷின் என்பது சரி. வாக்கிங் ஃபுட் சௌகரியம் என்பதும் சரி. ஆனால் இரண்டு மடிப்பு, மூன்று மடிப்புத் தார்ப்பாயை 31கே தாராளமாகத் தைக்கும், இந்தக் கரை முழுக்கத் தைத்திருக்கிறது. அதைவிடக் கனமான வேலைக்குச் சிங்கரே வேறு வகைகள் செய்தது. 45கே, 7-ஆம் வகுப்பு எல்லாம் தோலுக்கும் பாய்மரத் துணிக்கும் வந்தவை. செருப்புக் கடையில் நீளக் கையோடு நிற்குமே, அது 29கே.

கே என்பது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1885-இல் தொடங்கி 1980-இல் மூடிவிட்டார்கள். தம்பி, மெஷின் படுக்கையில் வலது பக்கம் நம்பர் அடித்திருக்கும். முன்னால் இ.ஏ., இ.பி. என்று இ-யில் தொடங்கும் இரண்டு எழுத்து இருந்தால் 1935-க்குப் பிறகு அங்கே செய்தது. ஒற்றை எழுத்து என்றால் அதற்கும் முந்தையது.

எத்தனை வயதானாலும் அந்த வார்ப்பு இரும்பு தேயாது. தேய்வது புஷ் (கம்பி ஏறி இறங்குகிற குழல்), ஊசிக்கம்பி, ஹூக், துணியை அடியிலிருந்து நகர்த்தும் பல். இதில் பலவற்றுக்கு மாற்றுச் சாமான் இன்னும் கிடைக்கிறது. இரும்புக் கடை என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம்.

மண்டபம்_வடகரை:
இ-யில் தொடங்கும் இரண்டு எழுத்துதான் அண்ணே.

தொண்டி_வத்தை:
மாப்ள, நானும் இதே மெஷினில்தான் வத்தைப் படகுக்குப் பாய் தைக்கிறேன். எங்கள் பக்கம் இப்போது காடாப் பாயைப் பார்ப்பதே அபூர்வம், பிளாஸ்டிக் தார்ப்பாய்தான்.

ஒன்று சொல்கிறேன். படகில் கிடந்த பழைய தார்ப்பாயை அப்படியே கொண்டுவந்து மெஷினில் வைக்கிறார்களே, அதைச் செய்யாதீர்கள். மடிப்பில் உப்பும் மணலும் இருக்கும். பல்லுக்கு நடுவே இறங்கி, அங்கிருந்து ஹூக்குக்குப் போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, விளக்குமாற்றால் தட்டிவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன். படகுக்காரர் அவசரம் என்பார். அவசரம் என்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வேன்.

திருப்புளி_ராம்நாடு:
தொண்டிக்காரர் சொன்னது முக்கியம். உப்புத் தூள் சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் இருக்கிற நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். நம் கரையில் இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம். அதனால் மெஷின்மேல் தண்ணீர் படாமலே, உப்பு ஒட்டிய இடத்தில் துருப் புள்ளி விழும். வழவழப்பாக இருக்க வேண்டிய ஹூக் முனையில் அந்தப் புள்ளி விழுந்தால் நூல் சிக்கும், பிரியும், அறும்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் சுத்தம்.

பெல்ட்டைக் கழற்றுங்கள். தலையைப் பின்பக்கம் சாயுங்கள். ஊசி, பாதம், ஊசி இறங்குகிற தட்டு, அடிநூல் இருக்கிற பாபின் கேஸ் நாலையும் எடுத்துவிடுங்கள். பல்லுக்கு அடியில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியாகி ஒரு அடை இருக்கும், அதை மூங்கில் குச்சியால் நோண்டி எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

அப்புறம் மண்ணெண்ணெய். 31கே-யில் எண்ணெய் தானாகச் சுற்றுகிற ஏற்பாடு கிடையாது, எல்லாம் நாம் விடுவதுதான். மேலே, பக்கத்தில், அடியில், எங்கெல்லாம் சின்ன ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். பலம் போட்டுச் சுற்றாதீர்கள். ஒரு இரவு ஊறட்டும். காலையில் கறுப்பாக வடியும், துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். வடிவது தெளியும்வரை இப்படியே. மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல், வாசனைதான் போகாது. வீட்டுக்குள் செய்யாதீர்கள், பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

முடிந்ததும் அன்றைக்கே மெஷின் எண்ணெய். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், உயவாக நிற்காது. அதோடு ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசும்.

கறுப்பு உடம்பில் தங்கப் பூ வேலை இருந்தால் ஸ்பிரிட்டோ தின்னரோ தொடக்கூடாது, பூ உரிந்து துணியோடு வரும். பஞ்சில் மெஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தாலே அழுக்கு போகும்.

ஏர்வாடி_புதுசு:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். தேங்காய் எண்ணெய் ஏன் ஆகாது? எங்கள் பாட்டி காலத்திலிருந்து அதைத்தான் விடுகிறோம், மெஷின் ஓடத்தானே செய்கிறது?

கீழக்கரை_தையல்:
விட்ட அன்றைக்கு ஓடும், யார் இல்லை என்றது. தாவர எண்ணெய் எதுவானாலும் காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும், மார்கழி விடியலில் பாட்டில் உறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே. விளக்கெண்ணெய் இன்னும் மோசம். மெஷின் எண்ணெய் என்பது தண்ணீர்போல் தெளிந்த கனிம எண்ணெய், அது பிசினாகாது. சின்ன பாட்டில் வாங்கினால் ஒரு வீட்டுக்கு வருடம் தாங்கும்.

நான் கடையில் பர்தா தைக்கிறேன். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது மெஷின் காலையிலிருந்து இரவு வரை ஓடும். அப்போது காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை எண்ணெய். ஒரு ஓட்டைக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும். விட்ட பிறகு ஒட்டுத் துணியில் கொஞ்சம் ஓட்டி, வழிவதைத் துடைத்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் துணி. கறுப்புத் துணியில் எண்ணெய்க் கறை தெரியாது என்று நினைப்பார்கள், இஸ்திரி போடும்போது தெரியும்.

மண்டபத்துத் தம்பி, அடியில் நூல் குவிகிறது என்றீர்களே. பலர் உடனே பாபின் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். அடியில் குவிவது பெரும்பாலும் மேல் நூல் தளர்ந்ததால். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் மேல் நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் இறுகி இருக்கும், நூல் நடுவில் போகாமல் மேலேயே நின்றுவிடும். பாதத்தைத் தூக்கினால்தான் தட்டு விரியும். தூக்கிவைத்துக் கோத்துவிடுங்கள், பிறகு இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள், பிடிப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இரண்டு தட்டுக்கு நடுவே பழைய நூல் துண்டோ துருவோ இருக்கும்.

பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டால் தானாக இறங்கக்கூடாது. கையை ஒரு சுண்டு சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். முதலில் இதைச் சரிசெய்து விட்டுவிடுங்கள், மீதி எல்லாம் மேல் டென்ஷனில்தான். இரண்டையும் மாறி மாறித் திருகினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

மண்டபம்_வடகரை:
நன்றி லாத்தா. மண்ணெண்ணெய் வேலையைத் தொடங்கிவிட்டேன். வெளியே வருவதைப் பார்த்தால் காபி டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது. சக்கரம் இப்போதே இலகுவாகிவிட்டது, பிடித்த இடம் பல்லுக்கு அடியில் இருந்த அடைதான். ஹூக் முனையில் துருப் புள்ளி இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

திருப்புளி_ராம்நாடு:
கரடுமுரடான உப்புத்தாள் கூடவே கூடாது. பித்தளை பாலிஷைத் தடித்த பருத்தி நூலில் தோய்த்து, முனையைச் சுற்றிப் போட்டு முன்னும் பின்னும் இழுங்கள். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது. தட்டினால் மிக நைசான எண்ணெய்க் கல்லில் ஒன்றிரண்டு முறை தடவிவிட்டு மறுபடி பாலிஷ். முனையின் கூர் மழுங்கிக் குட்டையாகிவிட்டால் ஹூக்கை மாற்ற வேண்டியதுதான், தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினால் முனை பின்னால் போய்விடும், பிறகு ஊசியை எட்டாது. பாலிஷ் துகள் ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

இனி ஊசி. மாமாவின் டப்பாவில் இருந்த ஊசிப் பொட்டலத்தில் என்ன போட்டிருக்கிறது? 16×231 என்றா, 135×5 என்றா? முதலாவதை டிபி ஒன்று என்பார்கள், இரண்டாவதை டிபி ஐந்து. இரண்டும் உருண்டைத் தண்டு, நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் தண்டின் தடிமனில். டிபி ஒன்று சுமார் 1.6 மி.மீ., டிபி ஐந்து சுமார் 2 மி.மீ.

தடித்த தண்டு சின்ன ஓட்டையில் ஏறாது, அதனால் அந்தத் தவறு நடக்க வழியில்லை. மெல்லிய தண்டு பெரிய ஓட்டையில் ஏறிவிடும், அங்கேதான் ஆபத்து. ஸ்க்ரூ இறுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். மெல்லிய துணியில் எப்படியோ தைக்கும், கனமான துணியில் ஊசி வளைந்து ஹூக்கைவிட்டு விலகும், தையல் விடும். நீங்கள் சொல்கிற அறிகுறி அப்படியே பொருந்துகிறது. பழைய மெஷின்களில் ஊசிக்கம்பியையே யாராவது மாற்றியிருப்பார்கள், அதனால் புத்தகத்தில் எந்த ஊசி என்று தேடாதீர்கள். உங்கள் மெஷினின் ஓட்டையைப் பாருங்கள்.

பரமக்குடி_சீட்கவர்:
இது நல்ல பாயின்ட். என் கடையில் இரண்டு வகை மெஷினும் இருப்பதால் ஊசி டப்பாக்களுக்கு வேறு வேறு நிறப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். பையன்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

ஆனாலும் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ரெக்சினும் ஸ்பாஞ்சும் சேர்த்து வைத்தால் கீழ்ப் பல் மட்டும் இழுக்கிற மெஷினில் அடித்துணி முன்னால் போகும், மேல்துணி பின்தங்கும்.

தொண்டி_வத்தை:
ஸ்பாஞ்சுக்குச் சரி. தார்ப்பாய்க்கு ஓரத்தில் கிளிப் போட்டுக்கொண்டால், கையால் பின்னாலிருந்து லேசாகத் தாங்கிக்கொண்டால் போகும். இழுக்கக்கூடாது, தாங்கத்தான் வேண்டும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் குத்தும்.

மண்டபம்_வடகரை:
திருப்புளி அண்ணே, டப்பாவில் இரண்டு பொட்டலம் இருந்தது! கிழிந்த பழைய பொட்டலத்தில் 135×5 என்று இருக்கிறது, ஒரு ஊசிதான் மிச்சம். புதுப் பொட்டலம் 16×231. நான் போட்டிருந்தது புதியதிலிருந்து. இப்போது ஸ்க்ரூவைத் தளர்த்தி ஆட்டிப் பார்த்தால் ஓட்டைக்குள் நன்றாகவே ஆடுகிறது. மாமாவிடம் கேட்டேன். ஒருமுறை தகட்டு வளையத்தில் குத்தி ஊசிக்கம்பி வளைந்துபோய், மதுரையிலிருந்து வேறு கம்பி வாங்கிப் போட்டதாகச் சொல்கிறார். புது ஊசிகளை அவருக்குத் தெரியாமல் வீட்டில் யாரோ வாங்கிவந்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த பழைய ஊசியைப் போட்டேன். தார்ப்பாயில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. இன்னமும் அங்கங்கே ஒன்று விடுகிறது.

திருப்புளி_ராம்நாடு:
நல்லது. ஊசிக்கம்பி மாற்றியிருக்கிறார்கள் என்றால் இப்போது உயரத்தைச் சரிபார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. புது ஊசி வாங்கிப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்த நம்பர் ஊசியில் தைக்கப் போகிறீர்களோ அதே நம்பரைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 18 நம்பர் 1.10 மி.மீ. தடிமன், 22 நம்பர் 1.40. இந்த வித்தியாசமே ஹூக்குக்கும் ஊசிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைவிட அதிகம்.

ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழைகிற பக்கம் பார்க்க வேண்டும். கண்ணுக்கு மேல் குடைந்த குழி ஹூக் பக்கம். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தையல் விடும்.

தட்டைக் கழற்றுங்கள். மெஷின் தைக்கும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் கையால் சுற்றுங்கள். ஊசி அடிமட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, புஷ்ஷின் கீழ் விளிம்பு இருக்கும் இடத்தில் ஊசிக்கம்பியில் பென்சிலால் ஒரு கோடு. அதற்குக் கீழே 2.2 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. இப்போது சக்கரத்தை இன்னும் சுற்றினால் ஊசி ஏறும். இரண்டாவது கோடு புஷ் விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

அந்த நிலையில் ஹூக் முனை ஊசியின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும், ஊசிக் கண்ணின் மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை மி.மீ. போல் மேலே. ஏன் இந்த இடம் என்றால், ஊசி அடியிலிருந்து ஏறத் தொடங்கும்போது நூல் துணியின் பிடிப்பால் அங்கேயே நின்று, ஊசிக்குப் பின்னால் குழிப் பக்கம் ஒரு கண்ணியாகப் புடைக்கும். ஹூக் பிடிப்பது அந்தக் கண்ணியை. சீக்கிரம் வந்தால் கண்ணி இன்னும் உருவாகியிருக்காது, தாமதமாக வந்தால் மடங்கிச் சரிந்திருக்கும்.

முனை ஊசியின் நடுவுக்கு வந்துவிட்டது, ஆனால் கண்ணுக்கு நேராகவோ அதற்கும் கீழேயோ நிற்கிறது என்றால் ஊசிக்கம்பி உயரத்தில் இருக்கிறது. ஹூக்கைத் தொட வேண்டாம், கம்பியை இறக்கினால் போதும். முகத்தகட்டைக் கழற்றினால் கம்பியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். தளர்த்துவதற்கு முன் இப்போதைய இடத்தில் ஒரு கோடு கீறிவையுங்கள், போனில் படமும் எடுங்கள். திருப்புளி முனை ஸ்க்ரூவின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும், இல்லையென்றால் தலை சிதைந்துவிடும். இறக்கும்போது கம்பி தன்னைத்தானே சுற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊசியின் பக்கம் மாறிப்போகும்.

உயரம் சரியாக இருந்தும் முனை ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ நின்றால்தான் ஹூக் ஸ்க்ரூ. அங்கே வந்தால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக இடைவெளி. முனை ஊசியைத் தொடாமல், ஆனால் மிக நெருக்கமாகப் போக வேண்டும். சாதாரண வெள்ளைத்தாள் கனம் சுமார் 0.1 மி.மீ. அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லது.

கீழக்கரை_தையல்:
இவ்வளவு செய்தும் அங்கங்கே விட்டால் பாதத்தின் அழுத்தத்தையும் பாருங்கள். பாதம் தளர்வாக இருந்தால் ஊசி மேலே வரும்போது தார்ப்பாயும் கூடவே எழும்பும். துணி எழும்பினால் அண்ணன் சொன்ன அந்தக் கண்ணி உருவாகாது. தட்டில் ஊசி இறங்கும் ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தாலும் இதே கதைதான்.

மண்டபம்_வடகரை:
செய்துவிட்டேன். முனை கண்ணின் மேல் விளிம்பை உரசினாற்போல்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பியைக் கொஞ்சம் இறக்கியதும் ஒன்றரை மி.மீ. வந்தது. பாதத்தையும் அரைச் சுற்று இறுக்கினேன். மூன்று மடிப்புத் தார்ப்பாயில் ஒரு கை நீளத்துக்கு ஓட்டினேன், ஒரு தையல்கூட விடவில்லை. ஹூக் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை.

இனி நூலும் தையல் அளவும் சொல்லுங்கள். மோட்டார் போடலாமா என்றும் ஒரு யோசனை.

தொண்டி_வத்தை:
நைலானை விட்டுவிட்டு பாலியெஸ்டருக்கு மாறுங்கள் மாப்ள. இழுவைக்கு நைலான் நல்லது, ஆனால் வெயிலில் சீக்கிரம் நொய்ந்துபோகும். படகில் வருடம் முழுக்க வெயிலில் கிடக்கிற பாய்க்குப் பாலியெஸ்டர்தான் தாங்கும். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் மக்கிவிடும், அந்தக் காலத்தோடு போயிற்று.

தையலை நெருக்கமாகப் போட்டால் பலம் என்று நினைப்பார்கள். துணிக்கு வேண்டுமானால் அப்படி. பிளாஸ்டிக் தார்ப்பாயில் நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம்போல ஓட்டை வரிசையாகிவிடும், தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று ஒரு அடி அடித்தால் அந்த வரிசையோடு கிழியும். நாலு மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், ஐந்தும் வைக்கலாம். ஓரத்தை மடித்து இரண்டு வரிசை ஓட்டுங்கள், ஒரே வரிசையை இரண்டு முறை ஓட்டாதீர்கள்.

பரமக்குடி_சீட்கவர்:
மோட்டார் போடுவதானால் சர்வோ மோட்டார். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், மிதித்தால் பாயும், மெதுவாக ஓட்டக் கால் பழக வேண்டும். சர்வோ மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தைக் குறைத்து வைக்கலாம். மோட்டார் பக்கம் சின்ன புல்லி போட்டால் இன்னும் மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும்.

வேகம் உங்களுக்கு எதிரி. தார்ப்பாயில் இருப்பது பாலித்தீன், சுமார் 130 டிகிரியில் உருகும். வேகமாக ஓட்டினால் ஊசி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். உருகின பிளாஸ்டிக் ஊசிக் கண்ணில் ஒட்டும், நூல் அறும், நீங்கள் மறுபடி டைமிங் போயிற்று என்று இங்கே வந்து நிற்பீர்கள்.

திருப்புளி_ராம்நாடு:
என்னைக் கேட்டால் இந்த சீசன் கால் மிதியிலேயே ஓட்டுங்கள். ஊசி கனமான இடத்துக்கு வந்தால் காலுக்குத் தெரியும், நிறுத்திக் கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்டலாம். தோல் பெல்ட் ஈரக் காலத்தில் நீளும், நழுவினால் ஒரு துண்டு வெட்டிவிட்டு மறுபடி கொக்கி போடுங்கள். மோட்டார் பிறகு பார்க்கலாம். போட்டால் எர்த் கம்பி இல்லாமல் போடாதீர்கள், உப்புக் காற்றும் இரும்பு ஸ்டாண்டும் சேர்ந்த இடம்.

மெஷினை எங்கே வைக்கிறீர்கள்?

மண்டபம்_வடகரை:
வடகடல் பக்கம் வீடு. ஜன்னலோரம் வைக்கலாம் என்று நினைத்தேன், வெளிச்சம் இருக்கிறது.

கீழக்கரை_தையல்:
எங்களுக்குத் தென்கடல், கச்சான் காலத்தில் கண்ணாடியில் கையை வைத்தால் பிசுபிசுக்கும். உங்களுக்கு வாடைக் காலத்தில் அந்த நிலைமை வரும். வெளிச்சம் வேண்டுமென்றால் ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளிவைத்து ஒரு எல்.இ.டி. விளக்கு மாட்டுங்கள். இரவில் பாலித்தீன் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் ஹூக்கில் ஒரு சொட்டு, ஊசிக்கம்பியிலும் பாதக் கம்பியிலும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பாதத்துக்கு அடியில் ஒரு ஒட்டுத் துணியை வைத்து இறக்கிவிட்டால் வழிகிற எண்ணெய் அதில் இறங்கிவிடும்.

மண்டபம்_வடகரை:
சரி லாத்தா. இன்னொன்று, இந்த மெஷினில் பின்தையல் கிடையாது. முடிவில் எப்படிப் பூட்டுவது?

கீழக்கரை_தையல்:
துணியில் என்றால் ஊசியை உள்ளே நிறுத்திப் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பிக் கொஞ்சம் பின்னால் தைப்போம். தார்ப்பாயில் அப்படிச் செய்தால் ஓட்டை கூடும். நூலை ஒரு சாண் விட்டு அறுத்து, மேல் நூலை அடியில் இழுத்து இரண்டையும் முடிச்சுப் போடுங்கள். பாலியெஸ்டர் என்பதால் முனையை ஊதுபத்தியால் தொட்டால் உருகிக் குமிழாகி நின்றுவிடும். தார்ப்பாயில் படாமல் தொடுங்கள், அதுவும் உருகும்.

பரமக்குடி_சீட்கவர்:
ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பீர்களே, அதை 31கே எப்படித் தைக்கும் என்று பார்க்கத்தான் போகிறேன்.

தொண்டி_வத்தை:
அதை எந்த மெஷினிலும் நான் தைப்பதில்லை. கோணி ஊசி, கையில் தோல் பட்டை, நைலான் நூல் இல்லாமல் தடித்த பாலியெஸ்டர் நூல். பாய் மடிப்புக்குள் கயிறு ஓடுகிற அளவு இடம் விட்டு மெஷினில் ஓட்டிவிட்டு, மூலைகளில் மட்டும் கையால் கட்டினாலும் போதும்.

ஏர்வாடி_புதுசு:
எங்கள் ஊரில் இதேபோல் 31கே ஒன்று விலைக்கு வருகிறது. போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

திருப்புளி_ராம்நாடு:
பெயின்டைப் பார்க்காதீர்கள், புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஊசிக்கம்பியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று ஆடினால் புஷ் தேய்ந்தது. சக்கரத்தை இழுத்துத் தள்ளிப் பாருங்கள், அதுவும் ஆடக்கூடாது. சுற்றுவதற்குக் கனமாக இருப்பது ஒரு குறையே இல்லை, மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். தலையைச் சாய்த்து படுக்கையிலும் கையிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், வார்ப்பு இரும்பில் வெல்டிங் செய்திருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் பலர் கை வைத்த மெஷின். ஹூக் முனையில் நகத்தை ஓட்டுங்கள். பல்லின் கூர் மழுங்கியிருக்கிறதா பாருங்கள். பாபின் கேஸ் கூடவே வருகிறதா என்று கேட்டு, அதைப் போட்டுப் பாருங்கள், வேறு மெஷினுடையதை வைத்து ஏமாற்றுவார்கள்.

கையில் ஒரு தார்ப்பாய்த் துண்டும் இரண்டு வகை ஊசியும் கொண்டுபோங்கள். அவர்கள் வைத்திருக்கிற மெல்லிய துணியில் தைத்துக் காட்டுவதை நம்ப வேண்டாம்.